உதட்டுக்கு உணர்வு திரும்பும் வழி



தாடை எலும்புக்குள் அமெலோபிளாஸ்டோமா என்றொரு கட்டி வருவதுண்டு. பல் உருவாகும் திசுவில் தொடங்குவது. புற்றுநோய் அல்ல, ஆனாலும் எலும்பை அரித்துக்கொண்டு பரவும். பெரும்பாலும் நோவு இராது. கடலுக்குப் போகிறவரும் துறைமுகத்தில் வேலை செய்கிறவரும் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட அதுவே போதும்.

சுரண்டி மட்டும் எடுத்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே சுற்றியுள்ள நல்ல எலும்பிலும் ஒரு பகுதியைச் சேர்த்து வெட்டுவார்கள். கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்தான் ஓடுகிறது. அது அறுந்தாலும் உதடு அசையும், அசைவுக்கு வேறு நரம்பு. ஆனால் தேத்தண்ணிச் சூடு தெரியாது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது. உதட்டைக் கடித்தாலும் தெரியாது. பேச்சும் சிரிப்பும் இருப்பதால் வீட்டாருக்கு இந்தக் குறை கண்ணில் படாது. "கட்டி போனதே பெரிசு" என்று நோயாளியின் வாயை அடைத்துவிடுகிறோம். அது நியாயமில்லை.

ஏனென்றால் அந்த நரம்பைச் சீர்செய்ய வழி இருக்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழ், தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைப்பார்கள். இடைவெளி பெரிதானால் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பில் ஒரு துண்டெடுத்து நடுவே வைப்பார்கள். அதனால் பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்துப்போகும். கட்டியை எடுக்கும்போதே இதையும் செய்வது நல்லது. பிந்தினால் முனைகள் தழும்பேறிவிடும்.

அறுந்த மின்வயரை இணைத்தால் உடனே விளக்கு எரியும். நரம்பு அப்படியல்ல. வெட்டுக்கு அப்பாலுள்ள நார் அழிந்துவிடும் என்று 1850 இல் ஓகஸ்டஸ் வாலர் காட்டினார். புதிய நார் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். 7 சென்ரிமீற்றர் கடக்க 70 நாள். தெளிவான உணர்வு வர ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். முழுதாகத் திரும்பாமலும் போகலாம். இடையில் எறும்பு ஊர்வது போலிருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது நார் வளரும் அடையாளம். தொட்டாலே தாங்காத நோவு என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று, பஞ்சால் நல்ல பக்கத்தையும் பிறகு மரத்த பக்கத்தையும் தினமும் தடவுங்கள். வந்துசேரும் உணர்வை மூளை மறுபடி பழகவேண்டும்.

சிகிச்சைக்கு முன்பே காரணமின்றி உதடு மரத்தால் தாமதிக்காமல் காட்டுங்கள், அது வேறு நோயாகவும் இருக்கலாம். திருகோணமலை ஆஸ்பத்திரிக்கோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ எக்ஸ்ரேயோடு போகும்போது, "என் உதட்டு நரம்பு என்னவாகும்? இதே சத்திரசிகிச்சையில் தைக்க முடியுமா?" என்று வைத்தியரிடம் கட்டாயம் கேளுங்கள்.