கதிரவனும் கைகாட்டி மரமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு மருத்துவம் பேசத் தகுதி யாது என நீங்கள் வினவலாம். பட்டறிவு ஒன்றே தகுதி. சென்ற ஆண்டு எம் தமக்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தோம். அப்போது நாம் செய்த பிழையை வேறொரு வீடு செய்யாதிருத்தல் வேண்டும்.

நோய் பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய பின்னரே தெரிய வந்தது. இரத்தச் சோதனையில் வைட்டமின் டி 9 நானோகிராம் என்றிருந்தது. 20க்குக் கீழ் பற்றாக்குறை என்பர். மாந்தோப்பெல்லாம் வெயில் காயும் முதலமடையிலா இக்குறை என வியந்தோம். இச்சத்துக் குறைந்த புற்றுநோயாளர் விரைந்து மடிகின்றனர் என்னும் செய்தியும் செவிக்கு எட்டிற்று. அவ்வளவே! சத்து ஏறினால் ஆயுளும் ஏறும் என முடிவு கட்டினோம். வாரம் ஒன்றென மருத்துவர் எழுதிய 60,000 அலகுப் பொட்டலத்தை நாள்தோறும் பாலில் கலந்து கொடுத்தோம். சில வாரங்களில் தீராத் தாகம், வாந்தி, மலச்சிக்கல், பிதற்றல். இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிட்டது என்றார் மருத்துவர். எஞ்சியிருந்த சின்னாட்களில் பத்து நாட்களை மருத்துவமனைக் கட்டிலில் கழிக்கச் செய்தது எம் அன்பே.

இச்சத்து தோலில் படும் வெயிலால் உண்டாகி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் பக்குவமடைந்து, உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்கத் துணைபுரிவது. எலும்புக்கு இன்றியமையாதது. ஆயின் கொழுப்பில் கரைவதாதலின், மிகுந்தது எளிதில் வெளியேறாது, உடலிலேயே தங்கிவிடும்.

எம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். கைகாட்டி மரம் இறங்கினால் வண்டி வரும். அதற்காக, நாமே கைகாட்டியை இழுத்து இறக்கிவிட்டால் வராத வண்டி வந்துவிடுமோ? நோய் முற்றியவர் வெளியே நடமாடார்; உணவு கொள்ளார்; உடல் மெலிவார். அதனாலும் சத்துக் குறையும். ஆகவே அக்குறைவு நோயின் கடுமையைக் காட்டும் அடையாளமாக இருக்கலாம். காரணமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை.

எது உண்மை என அறிய, நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தனர். அமெரிக்காவில் பரவிய பெருங்குடல் புற்றுநோயாளர் 139 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. மருந்துச் சிகிச்சையுடன் இச்சத்தை மிகுதியாகப் பெற்றோர்க்கு நோய் வளராதிருந்த காலம் 13 திங்கள். குறைவாகப் பெற்றோர்க்கு 11. இச்சிறு வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். அதே ஆண்டு சப்பானில், நோய் பரவாத 417 பேரிடம் நடந்த ஆய்வும் ஐயத்தை நீக்கவில்லை. 2018இல் வெளியான பேராய்வில் 25,871 பேர் பங்கு கொண்டனர். நாள்தோறும் 2,000 அலகு உண்டும் புற்றுநோய் வருவது குறையவில்லை. இறப்புச் சற்றுக் குறையுமோ என்னும் சாயல் மட்டும் தென்பட்டது. சாயலை நம்பிச் சிகிச்சையைக் கைவிடுதலும், அளவை மீறுதலும் பேதைமையாம்.

குறையிருப்பின் மருத்துவர் குறித்த அளவே கொடுப்பீர். பொட்டலத்தின் மீதுள்ள ஆங்கிலமும், சீட்டிலுள்ள மலையாளமும் நம் முதியோர் பலர்க்கு விளங்குவதில்லை. 'வாரம் ஒன்று' எனத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பணியை நம் சங்க இளைஞர் மேற்கொள்வாராயின், அதுவும் தமிழ்த்தொண்டே.

உறுதியாகக் கிடைக்கும் உதவி ஒன்றுண்டு. 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புத் தொண்டு தொடங்கிற்று. 2008இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாக ஏற்றது. நம்மூரார் 'பாலியேட்டிவ்' என்றழைக்கும் செவிலியர் வீடு தேடி வருவர். வலிக்கு மார்பின் மருந்தும் உண்டு. தமக்கையார் இறுதி இரு வாரம் நோவின்றி உறங்கியது அவர்களாலேயே. நாம் அவர்களை முன்னரே அழைத்திருத்தல் வேண்டும்.

இறுதியில் ஒருநாட் காலை, இளவெயிலில் தம்மைத் திண்ணையில் அமர்த்தச் சொன்னார். சத்து ஏறும் என்று கருதியன்று; மாமரம் பூத்திருப்பதைக் காண்பதற்காக. வெயிலுக்கு அப்பயனும் உண்டென்பதை அன்று அறிந்தோம்.