சோலைமலைக்குச் சுற்றத்தோடு



திருமால் உறையும் இருங்குன்றத்தைப் பாட வந்த இளம்பெருவழுதியார், பரிபாடலின் 15ஆம் பாட்டில் ஓர் அழைப்பு விடுக்கின்றார். மனைவியரோடு செல்க, பெற்றோரோடு செல்க, கைக்குழந்தையோடும் அன்புடைச் சுற்றத்தோடும் சென்று தொழுக என்பது அவ்வழைப்பின் சாரம். மூன்று தலைமுறையும் ஒருங்கு கூடி ஒரு மலைக்கு நடந்து செல்லும் வழக்கம் இந்நாட்டில் எத்துணைப் பழமையுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அம்மலைதான் மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அழகர்மலை. ஆழ்வார்கள் திருமாலிருஞ்சோலை எனப் போற்றியது.

ஓராண்டு கார்த்திகைத் திங்களில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகறையில், மதுரையிலிருந்து ஒரு குடும்பம் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியின் முன் வந்து நின்றது. எழுபத்திரண்டு வயதுடைய மூதாட்டி, அவர்தம் மகன், மருமகள், பதினான்கு வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேத்தி ஆகிய ஐவர். மூதாட்டிக்குக் கண் அழுத்த நோய். வலக்கண் முன்னரே ஒளி இழந்துவிட்டது. இடக்கண்ணிலும் பார்வை நாள்தோறும் சுருங்கி வருகின்றது, இழந்த பார்வை மீளாது என்று மருத்துவர் கூறியிருந்தார். "மணமாகி வந்த ஆண்டில் உன் தகப்பனாரோடு சிலம்பாற்றுக்கு நடந்து போனேன். இருக்கும் கண்ணோடு இன்னும் ஒரு முறை நடந்து போக வேண்டும்" என்பதே அவ்வம்மையார் மகனிடம் கேட்டது.

மகனோ அஞ்சினார். மேலே செல்ல வண்டி இருக்கின்றது. தாயின் கால் இடறினால் என் செய்வது? அவர் அச்சம் தவறன்று. ஆயினும் வண்டியின் சன்னலில் மரங்கள் ஓடிவிடும், ஒன்றையும் நின்று பார்க்க இயலாது என்று தாயார் மறுத்தார். இருவரும் வாய்ச்சொல் இன்றி நின்ற அந்நேரத்தில் சிறுமி, "அப்பத்தா கையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தாள். சந்நிதிக் கதவைத் தொழுது ஐவரும் நடந்தனர்.

சிலம்பாறு என்னும் பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். உலகளந்த பெருமானின் தூக்கிய திருவடியைப் பிரமன் நீராட்டியபோது, அந்நீர் காற்சிலம்பில் பட்டுத் தெறித்து இம்மலையில் வீழ்ந்தது என்பது தலபுராணம். நூபுரம் என்றால் சிலம்பு, ஆதலின் நூபுரகங்கை. ஆனால் தமிழில் சிலம்பு என்னும் சொல்லுக்கு மலை என்றும் பொருளுண்டு. மலையாறு என்றே முன்னோர் வழங்கியிருத்தலும் கூடும். இரண்டு பொருளையும் ஒரு சொல்லே தாங்கி நிற்க, ஒன்றைத் தள்ளுவானேன்?

இம்மலையின் புகழ் சிலப்பதிகாரத்திலும் உண்டு. மதுரைக்கு வழி கூறிய மாங்காட்டு மறையோன், இம்மலையின் பிலத்துள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உள எனவும், மூழ்குவோர் முறையே ஐந்திர இலக்கணமும் பழம்பிறப்பறிவும் எண்ணியது எய்தும் பேறும் அடைவர் எனவும் கோவலனிடம் உரைக்கின்றான். உடன்வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. அப்பொய்கைகள் தமக்கு வேண்டா என மறுத்துவிடுகின்றார். ஒரு சமயத்தார் போற்ற, மற்றொரு சமயத்தார் மறுக்க, இரண்டையும் காழ்ப்பின்றி ஒரே காதையில் வைத்த அடிகளின் நெஞ்சம் பெரிது.

நிற்க. பாதி வழியில் சிறுமி காண்பதையெல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தாள். குட்டியை வயிற்றில் அணைத்துக் கிளைவிட்டுக் கிளை தாவும் மந்தி, பாறையில் வழியும் நீர், பாதைக்குக் குறுக்கே கிடந்த வேர். மூதாட்டி தாம் முன்னர்க் கண்டவற்றைச் சொன்னார். "இவ்விடத்தில் ஒரு பெரிய மரம் இருக்குமே?" என்றால், "இல்லை அப்பத்தா, அடிக்கட்டைதான் இருக்கிறது" என்பாள் பேத்தி. பேரனின் கைப்பையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போனதில் பொரிகடலை முழுவதும் போயிற்று. பழமுதிர்சோலையில் முருகனைத் தொழுது, ஔவைக்குச் சுட்டபழம் தந்த கதை கூறும் நாவல்மரத்தின் அருகே சற்று இளைப்பாறினர்.

அதற்கு மேல் ஏறுகையில் மஞ்சு இறங்கியது. பத்தடிக்கு அப்பால் யாதும் புலனாகவில்லை. சிறுமி பேச்சை நிறுத்திவிட்டாள். "ஏன் தாயே, சொல்லவில்லை?" "ஒன்றுமே தெரியவில்லை அப்பத்தா. எல்லாம் வெள்ளையாக இருக்கிறது." மூதாட்டி நகைத்து, "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இப்போது உன் கண்ணும் என் கண்ணும் ஒன்று" என்றார். பின்னே வந்த மகன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சென்று தொழ மாட்டாதீர், கண்டேனும் பணிமின் என்று அப்பரிபாடற் புலவர் ஒரு சலுகையும் தருகின்றார். காணவும் மாட்டாதார் என் செய்வது? அதற்கு விடையாக இம்மலையடியில் வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். இராமாநுசரின் பொருட்டுத் தம் இரு கண்களையும் இழந்த அப்பெருந்தகை, திருமாலிருஞ்சோலையில் தங்கியிருந்த நாளில், அழகிய தோளுடைய பெருமான் மீது சுந்தரபாஹு ஸ்தவம் என்னும் வடமொழித் துதி நூலை அருளினார் என்று குருபரம்பரை கூறும். பெருமானின் பெயரே அழகர். கண்ணில்லாத அடியார் அவ்வழகைத் திருமுடி தொடங்கித் திருவடி வரை பாடியிருக்கின்றார். பாடும்போது அவர் எதனைக் கண்டார் என்று உரைக்க நம்மால் ஆகுமோ?

மாதவி மண்டபத்தில் அருவிநீர் விழும் ஓசை கேட்டதும், யாரும் வழிகாட்டாமலே அம்மையாரின் கால்கள் அப்பக்கம் திரும்பின. தலையை நீட்டி நின்றார். நெடுநேரம் நின்றார். குளிர் தாக்குமே என்று மருமகள் அழைத்தபோதும் வரவில்லை. பின்னர் இராக்காயி அம்மனைத் தொழுது, ஒரு செம்பில் தீர்த்தம் நிரப்பிக்கொண்டனர்.

இறங்கும் வேளையில் மகன், "நடக்கலாமா அம்மா?" என்று தாமே கேட்டார். "முழங்கால் நோகிறது. இறங்குவதற்கு வண்டி போதும், கீழே சம்பா தோசைப் பிரசாதம் தீர்ந்துவிடப் போகிறது" என்றார் தாயார். வண்டியில் பேத்தி மடிமேல் அமர்ந்து, சன்னலில் ஓடிய மரங்களை ஒன்றையும் விடாமல் சொல்ல முயன்று, மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள்.