புனே மாவட்டத்தை அறிவோம்



புனே என்றதும் பலருக்கும் பெரிய நகரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் புனே ஒரு மாவட்டமும் கூட. அதில் மலை உண்டு. வறண்ட நிலமும் உண்டு.

மாவட்டத்தின் மேற்கே சகியாத்திரி மலை நிற்கிறது. தமிழ்நாட்டில் இதையே மேற்குத் தொடர்ச்சி மலை என்பார்கள். அரபிக்கடலில் இருந்து வரும் மேகங்களை இந்த மலை தடுக்கிறது. அதனால் மாவல், முல்ஷி வட்டங்களில் மழை கொட்டும். அங்கே நெல் விளைகிறது.

கிழக்கே போகப் போக மழை குறையும். பாராமதி, இந்தாப்பூர் வட்டங்களில் கால்வாய் பாயும் இடத்தில் கரும்பு. பாயாத இடத்தில் சோளமும் கம்பும்தான்.

மழை குறைந்தாலும் துன்பம். கூடினாலும் துன்பம். அம்பேகாவ் வட்டத்தில் மாளின் என்று ஒரு மலைக் கிராமம். 2014 ஜூலை 30 அன்று, கனமழையில் மலை சரிந்தது. வீடுகள் மண்ணில் புதைந்தன. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வழியே வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் ஊரையே காணாமல் திகைத்தார். அவர் செய்தி சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. மீட்புப் படை விரைந்தது. தப்பியவர்களுக்கு 2017இல் அருகிலேயே புதிய குடியிருப்பு கிடைத்தது.

ஆபத்து வந்தால் யாரிடம் சொல்வது? இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாவட்டத்துக்குத் தலைமை அதிகாரி கலெக்டர். வட்டத்துக்குத் தாசில்தார். கிராமத்தில் நிலக் கணக்கு வைத்திருப்பவரை மக்கள் தலாத்தி என்று அழைப்பார்கள். வெள்ளம், வறட்சி, மண்சரிவு என்றால் இவர்களிடம் சொல்ல வேண்டும்.

நிலக் கணக்குத் தாளுக்கு 'சாத் பாரா' என்று பெயர். ஏழு, பன்னிரண்டு என்று பொருள். நிலம் யாருடையது, என்ன பயிர் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழ்நாட்டுப் பட்டா, அடங்கல் போன்றது இது.

குடிநீர், தெருவிளக்கு போன்றவற்றுக்கு வேறு வழி. அது மக்கள் ஓட்டுப் போட்டு அமைக்கும் ஊராட்சி. அதன் தலைவர் சர்பஞ்ச். வட்டத்தில் பஞ்சாயத்து சமிதி. மாவட்டத்தில் ஜில்லா பரிஷத். 2011 முதல் மகாராஷ்டிர ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை.

ஒரு விவசாயியின் பயிர் கருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிவாரணம் கேட்கப் போகிறார். சாத் பாராவில் அவர் பெயர் தவறாக இருந்தால் என்ன ஆகும்? பணம் வராமல் நின்றுவிடும். அவரே படித்துப் பார்த்திருந்தால் முன்பே திருத்தியிருக்கலாம்.

ஆகவே, சகோதரிகளே, சகோதரர்களே! வீட்டுப் பெட்டியில் இருக்கும் நிலத் தாளை இன்றே எடுங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்கள்.