நாற்று மஞ்சளானால் முதலில் வேரைப் பாருங்கள்

(வீட்டுத்தோட்டங்களைப் பார்ப்பதற்காகக் கல்குடாவுக்குச் சென்றிருந்த நமது தோட்டக் குடும்பங்களுக்கு, அங்குள்ள மரக்கறிச் செய்கையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கடலைப் பார்க்கத்தான் அவசரம். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுக்கள் நடுவதற்கு முன்னமே மேடையில் மஞ்சளாகிப் போகின்றன, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள்.

நாற்று மஞ்சளடித்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பசளை காணாது, ஒரு பிடி யூரியாவைப் போடு." சில நேரம் அது சரியாக இருக்கும். பல நேரம் அந்த ஒரு பிடியே நாற்றைக் கருக்கிவிடும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்களே, அதற்குப் பிறகு பசளை விற்ற விலை உங்களுக்குத் தெரியும். விதையும் மலிவில்லை. ஆகவே கையைப் பசளைப் பைக்குள் விடுவதற்கு முன் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள்.

ஆக அடியில் இருக்கிற இரண்டு வித்திலைகள் மட்டும் பழுத்து விழுகின்றனவா? மேலே பச்சையா? அது இயல்பு, விட்டுவிடுங்கள். அதற்கு மேலுள்ள முதிர்ந்த இலைகளும் முழுக்க வெளிறி, தண்டு மெலிந்திருந்தால்தான் தழைச்சத்துக் குறைவு. எங்கள் கல்குடா மணலில் இது சாதாரணம். மணல் எதையும் பிடித்து வைக்காது, ஊற்றுகிற தண்ணீரோடு சத்தும் கீழே போய்விடும். 10 லீட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி யூரியா கரைத்து, மாலையில் பூவாளியால் ஊற்றி, பிறகு வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். இதற்கு மேல் வேண்டாம்.

முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மாத்திரம் மஞ்சளானால் அது மக்னீசியக் குறைவு. தேயிலையிலும் இதைக் கண்டிருப்பீர்கள். டொலமைட் போடச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். அதே அடையாளம் குருத்திலையில் வந்தால் கதை வேறு, செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை. தேயிலை மண் புளிப்பு மண், அதில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் வருகிறது என்றால், அடுப்புச் சாம்பலை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினோமா, டொலமைட்டை அள்ளிப் போட்டோமா என்று யோசியுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லை, உப்பு. இங்கே மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் ஒரு படையாக மிதக்கிறது. வெயில் காலத்தில் கூட இறைத்தால் உப்பு மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உவராகிப் போனதை நாங்கள் அனுபவித்தோம். உப்பென்றால் இலையின் நுனியும் ஓரமும் கருகும், மேடையில் வெள்ளை பூக்கும். அதற்கு மேல் யூரியா போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய மாதிரி.

உங்களுக்கு உப்பில்லை, ஆனால் மழையும் மூட்டமும் இருக்கிறது. மலையில் நாற்று மஞ்சளாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான் என்பது என் எண்ணம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடி நிற்கும். அப்போது ஒரு நாற்றைக் குத்தியால் கிளப்பி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்ல வேர். கபில நிறமாகி, இழுத்தால் தோல் உரிந்து, நாற்றமடித்தால் அழுகல். தண்ணீரை நிறுத்துங்கள், மேடையை உயர்த்துங்கள், பொலித்தீன் பைக்கு அடியில் துளை இருக்கிறதா பாருங்கள். தண்டு மண்ணோடு சேருமிடத்தில் சூம்பி விழுந்தால் அது நாற்றழுகல், பக்கத்து நாற்றுக்கும் பரவும். அடுத்த முறை விதை போடுமுன் மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துவிடுங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுக்கள் இருந்தால் வட்டப்புழு. அந்த நாற்றை எந்தப் பசளையும் தேற்றாது, நடவே வேண்டாம்.

லயத்துச் சுவரோரம் நிழலில் மேடை போட்டால் நாற்று வெளிறி நெட்டையாக வளரும். அதைக் கொண்டுபோய் ஒரேயடியாக வெயிலில் நட்டால் இலை வெளுத்துப் பொசுங்கும். தேயிலைத் தவறணையில் வேலை செய்த அக்காமாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை, அங்கே நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே எடுப்பார்கள்? மிளகாய்க்கும் அப்படித்தான். நாலு ஐந்து கிழமையில் நடலாம், அதற்கு ஒரு கிழமை முந்தித் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, சுருண்டு இருந்தால் வைரசு. அடியில் வெள்ளை ஈ இருக்கும். பிடுங்கி எரித்துவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

பேச்சுப் போதும். பின்னால் மூன்று மேடை இருக்கிறது, மூன்றிலும் மஞ்சள் இருக்கிறது, மூன்றுக்கும் காரணம் வேறு. ஆளுக்கொரு நாற்றைக் கிளப்பிப் பார்த்து எது என்னவென்று சொல்லுங்கள், பிறகு கடலுக்குப் போகலாம்.