ஓர் அறையின் வெப்பம்: பலெர்மோவின் குளிர்காலமும் தமிழ்க் குடும்பங்களும்

(பெற்றோருக்கும் இளையோருக்குமான குளிர்காலக் கருத்துரையின் எழுத்து வடிவம்)



1983ஆம் ஆண்டின் பின்னர் தாயகத்திலிருந்து இத்தாலிக்குப் புலம்பெயர்ந்த தமிழர்களில் பெருந்தொகையினர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் வேரூன்றினர். வெயிலும் கடலும் சூழ்ந்த அந்த நகரம் யாழ்ப்பாணத்தை நினைவூட்டும் என்று கூறுவோர் உண்டு. ஆனால் மார்கழி பிறந்ததும் அந்த நினைவு கலைந்துவிடும். வெளியே இளவெயில் எறிக்க, வீட்டினுள்ளே கம்பளிச் சட்டையோடு அமர்ந்திருக்க வேண்டிய நிலை அங்கு புதியதன்று.

இதற்குக் காரணம் குளிரைவிடக் கட்டடங்களே. சனவரியில் பலெர்மோவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ். ஆனால் பழைய நகரப்பகுதியின் வீடுகள் தடித்த கற்சுவர்களும் நான்கு மீற்றர் உயரக் கூரைகளும் கொண்டவை. கோடையில் வரமாக இருக்கும் அந்த உயரம் மாரியில் சுமையாகிறது. நான்கு மீற்றர் நீள அகலமுள்ள அறையொன்றின் கூரை 2.7 மீற்றர் உயரத்தில் இருந்தால் சூடேற்ற வேண்டிய காற்று 43 கனமீற்றர். கூரை நான்கு மீற்றராயின் அது 64 கனமீற்றர். சூடான காற்று மேலெழுந்து கூரையடியில் தங்க, கால்கள் குளிரிலேயே இருக்கும்.

இத்தாலியச் சட்டமும் தெற்கைக் குளிர் குறைந்த நிலமாகவே கணித்துள்ளது. 1993ஆம் ஆண்டின் 412ஆம் இலக்க ஆணை நாட்டை ஆறு காலநிலை வலயங்களாகப் பிரித்தது. பலெர்மோ 'பி' வலயத்தைச் சேர்ந்தது. அங்கு கட்டடங்களின் வெப்பமூட்டல் அமைப்புகளை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்களே இயக்கலாம். 'ஈ' வலயத்திலுள்ள மிலானோவில் அது ஒக்டோபர் 15 முதல் ஏப்பிரல் 15 வரை, நாளுக்கு 14 மணித்தியாலங்கள். எரிவாயு நெருக்கடி ஏற்பட்ட 2022-23 குளிர்காலத்தில் பலெர்மோவின் காலம் டிசம்பர் 8 முதல் மார்ச் 23 வரையாகவும், நேரம் 7 மணித்தியாலங்களாகவும் குறைக்கப்பட்டது. எனினும், பல பழைய வீடுகளில் இவ்வகை அமைப்பே இல்லை. அங்கு வாழ்வோரின் துணை மின்வெப்பமூட்டியும் எரிவாயு உருளை பொருத்திய அடுப்புமே.

ஆகவே வீடு முழுவதையும் சூடாக்குவதா, சில அறைகளை மட்டும் சூடாக்குவதா என்ற கேள்விக்குப் பல குடும்பங்களில் மின்மானியே விடை கூறிவிடுகிறது. இத்தாலியில் வீடுகளுக்கான வழமையான மின் ஒப்பந்தம் 3 கிலோவாற். 1.5 கிலோவாற் வெப்பமூட்டிகள் இரண்டு எரியும்போது தண்ணீர் சூடாக்கியையும் போட்டால் மானி விழுந்துவிடும்.

கணக்கையும் பார்க்கலாம். 1.5 கிலோவாற் வெப்பமூட்டி நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்திற்கு 225 அலகுகள். அலகொன்றின் விலை 25 சதம் என வைத்துக்கொண்டால் 56 யூரோ. மூன்று அறைகளில் அவ்வாறு எரித்தால் 168 யூரோவைத் தாண்டும். அதே வெப்பத்தை, சூடாக்கும் வசதியுள்ள குளிரூட்டிப் பெட்டி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மின்சாரத்தில் தரவல்லது. அப்போது ஓர் அறைக்கான செலவு 19 யூரோ அளவில் நிற்கும். கோடைக்கென வாங்கிச் சுவரில் பூட்டிய பெட்டி மாரியில் சும்மா இருக்க, கீழே மின்வெப்பமூட்டி எரியும் வீடுகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஓர் அறையைத் தெரிவு செய்வதென்பது பணக்கணக்கு மட்டுமன்று. அந்த அறை யாருக்குரியது என்பதே உண்மையான கேள்வி. பெற்றோர் பிறர் வீடுகளில் வேலை முடித்து இரவில் திரும்புகின்றனர். சூடான அறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை அமைதியைத் தேடி வீட்டின் மிகக் குளிர்ந்த அறைக்குப் போகிறது. அம்மம்மாவோ பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என எண்ணித் தமது அறையின் வெப்பமூட்டியை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்குகிறார். குடும்பம் சேமித்த பணம் இவ்விருவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதாகிவிடுகிறது. வீட்டினுள் குறைந்தது 18 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. முதியோர், குழந்தைகள், நோயாளர் ஆகியோருக்கு அதைவிடக் கூடுதல் வெப்பம் தேவைப்படலாம். எனவே வெப்பத்திற்குரிய முதல் அறை முதியவரும் குழந்தையும் உறங்கும் அறை. அடுத்தது பிள்ளைகள் படிக்கும் இடம். ஒரே அறைதான் இயலுமெனில், மாலையில் இரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தி அதனைப் படிப்பறையாக்குவது எந்தச் செலவுமில்லாத தீர்வு.

அறைகளைப் பிரித்துச் சூடாக்குவதில் ஒரு தீங்கும் உண்டு. சூடான அறையின் ஈரக்காற்று திறந்த கதவின் வழியே குளிர்ந்த அறைக்குச் சென்று சுவரில் படியும். 20 பாகை வெப்பமும் 60 வீத ஈரப்பதனும் உள்ள காற்று, 12 பாகைக்குக் குறைந்த சுவரைத் தொட்டால் நீர்த்துளியாகும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது பகை. சோறு வடிக்கும் ஆவியும், இடியப்பம் அவிக்கும் ஆவியும், வீட்டினுள் காயும் உடுப்பின் ஈரமும் இதற்குத் துணைபோகின்றன. ஆகவே சூடான அறையின் கதவு மூடியிருத்தல் வேண்டும். சமைக்கும்போது சமையலறைக் கதவை மூடி யன்னலைத் திறக்க வேண்டும். எல்லா அறைகளையும் நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் முற்றாகத் திறந்து காற்றோட்டம் கொடுக்க வேண்டும். அலுமாரிகளைக் குளிர்ந்த வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தலாகாது.

இவை யாவற்றிலும் மேலான எச்சரிக்கை உயிர் பற்றியது. மூடிய அறையில் எரியும் எரிவாயு அடுப்பும் கரிச்சட்டியும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவை உண்டாக்கக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, குமட்டல், தூக்க மயக்கம் என்று தொடங்கி உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். புகைபோக்கி இல்லாத அடுப்பைப் படுக்கையறையில் வைத்தலும், சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குதலும் ஒருபோதும் கூடாது. உருளை எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவியும் வெளியேறும். குளிரைப் போக்க வந்த அடுப்பே சுவரை நனைக்கிறது. நச்சுவாயு அறிவிப்பான் ஒன்று வீட்டில் இருத்தல் நன்று. சந்தேகம் எழுந்தால் யன்னலைத் திறந்து, அனைவரும் வெளியேறி, 112ஐ அழைக்க வேண்டும். மின்வெப்பமூட்டியையும் பலர் பாவிக்கும் நீட்டுவயரில் செருகாமல் சுவரிலுள்ள செருகியில் நேரடியாகப் பொருத்த வேண்டும்.

பொது வெப்பமூட்டல் உள்ள மாடிக்கட்டடங்களில் வசிப்போருக்கு வேறொரு வசதி உண்டு. 2014ஆம் ஆண்டின் 102ஆம் இலக்கச் சட்டம், பொது அமைப்பிலிருந்து ஒவ்வொரு வீடும் பெறும் வெப்பத்தைத் தனித்தனியே அளக்கும் கருவிகளைக் கோரியது. இதற்கான இறுதி நாள் 2017 சூன் 30. அவற்றோடு பொருத்தப்படும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வுகளால் அறைக்கு அறை வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு பாகை குறைத்தால் எரிபொருட் செலவில் 5 முதல் 10 வீதம் மிச்சமாகும் என்பது இத்தாலியின் எரிசக்தி முகவரகமான எனேயாவின் கணிப்பு. இரவில் யன்னல் மறைப்புகளை இறக்குவதும், வெப்பத்தகட்டின் மேல் உடுப்புப் போடாதிருப்பதும் அதே முகவரகம் கூறும் எளிய வழிகள்.

உரிமைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மின்சாரத்திற்கும் குழாய்வழி எரிவாயுவிற்கும் 'போனுஸ் சோசியாலே' என்னும் கழிவு உண்டு. 2021 சனவரி முதல் அதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் ஆண்டுதோறும் 'ஈசே' பத்திரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதனைச் செய்யாத குடும்பம் தனக்குரிய கழிவைத் தானே இழக்கிறது. உருளை எரிவாயு இக்கழிவுக்குள் அடங்காது. வீடு வாடகைக்கு எடுக்கும்போது 'ஆப்பே' எனப்படும் எரிசக்திச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதும் குத்தகையாளரின் உரிமை. ஏ4 முதல் ஜி வரையான அந்தத் தரவரிசையில் ஜி வகுப்பு வீட்டின் மலிந்த வாடகையை மாரிகால மின்கட்டணம் விழுங்கிவிடக்கூடும்.

இங்குதான் இளையோரின் பணி தொடங்குகிறது. இத்தாலிய மொழியில் வரும் மின்கட்டணத் தாளை வாசித்து விளக்க வல்லவர்கள் அவர்களே. ஒப்பந்த வலு எவ்வளவு, எந்த மாதத்தில் எத்தனை அலகுகள், நேரத்திற்கேற்ப விலை மாறும் ஒப்பந்தமாயின் எந்த நேரம் மலிவு, கழிவு கிடைத்துள்ளதா என்பவற்றைப் பெற்றோருடன் அமர்ந்து பார்க்கலாம். தமது வீட்டுத் தாளை விளங்கிக்கொண்ட இளைஞர், அயலிலுள்ள முதியவரின் தாளையும் வாசித்துக் கொடுக்கலாம்.

சிக்கனம் தமிழர்க்குப் புதிதன்று. உழைத்ததில் ஒரு பங்கைத் தாயக உறவுகளுக்கு அனுப்பி, மறுபங்கில் பிள்ளைகளைப் படிப்பித்த சமூகம் அது. அந்தச் சிக்கனம் முதியவரின் நெஞ்சிலும் பிள்ளையின் படிப்பிலும் கைவைக்காதிருக்க வேண்டும். தேவையற்ற அறைகளின் வெப்பத்தை அணைப்பது அறிவு. தேவையான அறையில் வெப்பம் அணையாது பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை.