ரேகை வைக்க மறுத்த ஊர்
(நம் குடியிருப்பில் சுதந்திர தினக் கொடியேற்றத்தின்போது ஆற்றிய உரை)

எனக்குச் சொந்த ஊர் போடி பக்கம் சிலமலை. அங்கிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க வேண்டும் என்றது வெள்ளையர் அரசு. பிறப்பாலேயே குற்றவாளி என்பதை அந்த ஊர் ஏற்கவில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது.

ஒரு வேண்டுகோள். நம் கேட்டில் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார் பையை மட்டும் தினமும் திறந்து பார்க்கிறோம். அவர்கள்மேல் இதுவரை ஒரு புகார்கூட இல்லை. அடுத்த கூட்டத்தில் இதை நிறுத்த முடிவெடுப்போம். ஜெய்ஹிந்த்!