கம்பெனி விருந்துக்குப் போவதா, வேண்டாமா?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெற்று, தற்போது வெளியூர்களில் பணியிலிருக்கும் பிள்ளைகளின் ஆண்டுச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)

 

போன வருடம் இதே மேடையில் சேமிப்பைப் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டீர்கள். அதனால் இந்த வருடம் தலைப்பை உங்களிடமே கேட்டுச் சீட்டு எழுதிப் போடச் சொன்னேன். அதிகமான சீட்டுகளில் இருந்தது ஒரே கேள்விதான். கம்பெனியில் பார்ட்டி வைக்கிறார்கள், போக மனமில்லை, போகாவிட்டால் ஒதுக்கி வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்வது? ஒரு தம்பி இன்னும் சுருக்கமாக எழுதியிருந்தார்: "டிசம்பர் வருகிறது. வயிற்றைக் கலக்குகிறது."

நான் முஃப்தி அல்ல. சில வருடம் மதரஸாவில் ஓதிவிட்டு, பிறகு பி.காம். படித்துக் கணக்கு எழுதப் போனவன். ஃபத்வா வேண்டுமென்றால் நம் ஹஜ்ரத் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் பேசுவது அலுவலக நாற்காலியில் 25 வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில்.

முதலில், பார்ட்டி என்ற ஒரு சொல்லுக்குள் பல சமாச்சாரம் இருக்கிறது. மாலை 4 மணிக்கு கேண்டீனில் கேக் வெட்டி சமோசா கொடுப்பதும் பார்ட்டிதான். ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட்டில் ஆண்டு விழா வைத்து, மேடையில் விருது கொடுத்து, சாப்பாடு போட்டு, ஒரு மூலையில் பார் திறப்பதும் பார்ட்டிதான். சம்பள நாளில் நாலு பேர் குடிக்கப் போவதற்கும் அதே பெயர்தான். கேண்டீன் கேக்குக்குக் கூட எழுந்து போகாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மில் உண்டு. அது பேணுதல் அல்ல, கூச்சம். அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டாதீர்கள். குடிப்பதற்கென்றே கூடுகிற கூட்டத்துக்கு, "நான் குடிக்க மாட்டேன், சும்மா கூட இருப்பேன்" என்று போவதும் சரியல்ல. மது சுற்றிவரும் விரிப்பில் உட்காருவதை ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே பேச்சுக்கே இடமில்லை. சிக்கல் எல்லாம் நடுவில் இருக்கிற ரிசார்ட் விழாவில்தான்.

(ஆயுத பூஜை பற்றி இரண்டு சீட்டு வந்திருக்கிறது. அது வழிபாடு சம்பந்தப்பட்டது, வேறு பாடம். ஹஜ்ரத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அழைப்பை ஏற்பது நமக்குச் சின்ன விஷயமல்ல. மதீனாவில் ஒரு தையல்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் போனார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஆணமும்தான் விருந்து. கூடப் போன அனஸ் (ரலி) அவர்களுக்கு அன்று முதல் சுரைக்காய் பிடித்துப்போய்விட்டது. நோன்பு வைத்திருப்பவரைக் கூட, அழைத்தால் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சாப்பிடாமல், வீட்டாருக்கு துஆ செய்துவிட்டு வரலாம். இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. விருந்துக்குப் போவதும் அங்கே இருப்பதை எல்லாம் வாயில் போடுவதும் ஒன்றல்ல என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்.

ஹனஃபீ மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஹிதாயா கிதாப் தெரிந்திருக்கும். விருந்துக்குப் போன இடத்தில் வீண் விளையாட்டும் பாட்டும் இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு மஸ்அலா வருகிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கே ஒருமுறை அப்படி நேர்ந்து, பொறுத்துக்கொண்டு இருந்ததாக அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் கிதாப் அதோடு விடவில்லை. அந்தத் தவறு நீ சாப்பிடும் விரிப்பிலேயே நடக்கிறதா, வீட்டின் வேறொரு பக்கத்திலா? போன பிறகுதான் தெரிந்ததா, முன்பே தெரியுமா? நீ சாதாரண ஆளா, பலர் பார்த்துப் பின்பற்றும் ஆளா? ஒவ்வொன்றுக்கும் சட்டம் மாறுகிறது. முன்பே தெரிந்தால் போகக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஷாஃபிஈ கிதாபுகளிலும் இதே போன்ற நிபந்தனைகள் உண்டு. நீ போவதால் அந்தத் தவறு நின்றுவிடும் என்றால் போ என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செல்வாக்கு நமக்கு எந்த ரிசார்ட்டில் இருக்கப் போகிறது, அது வேறு விஷயம். நான் சொல்ல வருவது, நம் உலமாக்கள் இந்தக் கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு தீர்க்கவில்லை. இடத்தைப் பார்த்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள். நீங்களும் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். விருது வழங்குவது எப்போது, பார் திறப்பது எப்போது, சாப்பாடு எங்கே? பெரும்பாலும் முதல் ஒன்றரை மணி நேரம் வேலை சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும்.

இனி என் கதை. வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

1996. சென்னையில் ஒரு தனியார் கம்பெனி, பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவில் எனக்கு மேலே ஒரு மூத்த அதிகாரி. வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போனால் திரும்பி வர இரண்டேகால் ஆகும். அந்த நேரம் முழுக்க கேஷ் கவுண்டரை அவர்தான் பார்த்துக்கொள்வார். மூன்று வருடத்தில் ஒரு வெள்ளி கூட முகம் சுளித்ததில்லை. நான் எழுந்திருக்க மறந்தால், "பாய், மணி பன்னிரண்டரை ஆச்சு" என்று அவரே சொல்வார். அவர் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார விருந்தை ஒரு ஹோட்டலில் வைத்தார்கள். மது உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். நான் போகவில்லை. போகாதது இருக்கட்டும், மத்தியானம் ஃபோன் போட்டு வயிற்றுப்போக்கு என்று சொன்னேன்.

மறுநாள் காலை அவர் சாவிகளை ஒப்படைக்க வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. வீட்டிலிருந்து எனக்காகத் தயிர்சாதம் குழையப் பிசைந்து எடுத்து வந்திருந்தார். கூடவே எலக்ட்ரால் பாக்கெட் இரண்டு. "இப்போ எப்படி இருக்கு பாய்?" என்றார். பரவாயில்லை சார் என்றேன். அந்தத் தயிர்சாதத்தை அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் போன பிறகு எங்கள் ப்யூன் சொன்னார்: வாசல் பக்கம் ஒரு மேசையைத் தனியாகப் போடச் சொல்லி, அதற்குப் பாட்டில் கிளாஸ் எதுவும் வரக் கூடாது, நம்ம பாய் வருவார் என்று சொல்லி வைத்திருந்தாராம். கடைசி வரை அந்த மேசைக்கு ஆள் வரவில்லை.

நான் ஏன் வரமாட்டேன் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு வாரம் முன்பே உள்ளதைச் சொல்லியிருந்தால், "அரை மணி நேரம் வந்துட்டுப் போங்க பாய்" என்றிருப்பார். அல்லது வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பார். ஹராமைத் தவிர்க்கிறேன் என்று பொய்யில் போய் விழுந்தேன். பொய்யும் ஹராம்தானே? பிறகு அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். முகவரி வாங்கி வைத்தேன். கடிதம் எழுதவில்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். போவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. எதைத் தீர்மானித்தாலும் அதற்கு உண்மையான காரணத்தை உங்கள் வாயால், முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊரில் கல்யாணம் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் பாட்டி எத்தனை முறைதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மேலாளரிடம் நேரில், இரண்டு வாக்கியம் போதும்: "நான் வருகிறேன், விருது வழங்கி முடியும் வரை இருப்பேன். மது வைக்கும் இடத்தில் உட்காருவதில்லை, அதனால் அதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்." போகப் போவதில்லை என்றால் அதையும் இப்படியே சொல்லுங்கள். யாருக்காக விருந்தோ அவரை மறுநாள் தேடிப் போய்ப் பாருங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிரசங்கம் மட்டும் செய்யாதீர்கள். குடிப்பவரின் கிளாஸைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதால் அவர் குடியை விடப்போவதில்லை.

வசூல் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு 1,000 ரூபாய் போடச் சொல்கிறார்கள், அதில் மதுவும் அடக்கம் என்கிறார்கள். சாப்பாட்டுக்கும் அன்பளிப்புக்கும் என் பங்கு எவ்வளவு என்று கேட்டு அதைக் கொடுங்கள். கணக்குப் பார்க்கிறான் என்று ஒருநாள் கேலி செய்வார்கள். அன்பளிப்புக்கு நூறு ரூபாய் கூடப் போட்டுக் கொடுத்தால் அந்தக் கேலியும் நின்றுவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு: உங்கள் கேள்வி மதுவைவிட நேரத்தைப் பற்றியது என்று சீட்டுகளைப் படித்தபோது புரிந்தது. இரவு 11 மணிக்கு முடிந்தால் எப்படித் திரும்புவது, யார் கூட வருவது? கம்பெனி வண்டி உண்டா, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று முதலிலேயே கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அந்தக் காரணமே போதும், தயங்காமல் சொல்லுங்கள். மதிய விருந்தாக வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இதே சங்கடம் மற்றப் பெண்களுக்கும் இருக்கும், யாராவது ஒருவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

தொழுகை நேரத்தில் பெரிய கஷ்டம் இல்லை. டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் ஆகிவிடும், தொழுதுவிட்டே கிளம்பலாம். 2024, 2025 இரண்டு வருடமும் மார்ச் மாதம் ரமளானாக இருந்ததால் நிதியாண்டு முடிவு விருந்துகள் இஃப்தாரோடு மோதின. இனி ரமளான் பின்னால் நகர்கிறது. 2030-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு ரமளான் ஆரம்பமாகும், இன்ஷா அல்லாஹ். அந்த டிசம்பரில் வருடக்கடைசி விருந்துக்கு நமக்குக் காரணம் தேட வேண்டியிருக்காது.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நம் பிள்ளை ஒருவர் கம்பெனி விழாவில் நிற்கும் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. பின்னால் ஒரு மேசை, அதில் பாட்டில்கள். பையன் கையில் இருந்தது ஆப்பிள் ஜூஸ். பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த ஒரு படத்தால் நின்றது. அவரிடம் ஒருவர் கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உட்பட. பிள்ளைகள் பொய்க் காரணம் சொல்வது மேலாளருக்குப் பயந்து மட்டுமல்ல, நமக்கும் பயந்துதான். அவர்கள் வந்து, "அத்தா, இப்படி ஒரு விருந்து, போகட்டுமா?" என்று வீட்டில் கேட்கும்படி நாம் இருக்கிறோமா?

நம் அறக்கட்டளை இஃப்தாருக்கு வருடா வருடம் ஒரு வங்கி மேலாளர் வருகிறார். சுத்த சைவம். கறி போடாமல் தனிச் சட்டியில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு, பேரீச்சம்பழம் இரண்டு எடுத்துக்கொண்டு, நாம் தொழுதுவிட்டு வரும் வரை காத்திருந்து சொல்லிவிட்டுப் போவார். பக்கத்தில் சமோசாவுக்குள் கறி இருப்பது அவருக்குத் தெரியாதா? முதல் வருடமே, "நான் இதெல்லாம் சாப்பிடுவதில்லை, ஆனால் வருவேன்" என்று சொல்லிவிட்டார். நாம் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இஷாவுக்கு பாங்கு சொல்ல ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. மீதிக் கேள்விகளைத் தொழுத பிறகு சாப்பாட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். உங்களோடு வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் வந்திருப்பதைப் பார்க்கிறேன், ரொம்பச் சந்தோஷம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வடக்குப் பக்கம் தனி அடுப்பில் சமைத்திருக்கிறது. நீங்களே கூட்டிப் போய் உட்கார வையுங்கள். வஸ்ஸலாம்.